அளக்காமல் எழுதியது

கடலூரில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக்கில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். டோக்கன் கொடுக்கத்தான் சேர்ந்தேன். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அது. எனக்கு முன்னால் அங்கே இருந்த பெண் கல்யாணமாகி கம்மாபுரம் பக்கம் போனாள். போவதற்கு முன் இரண்டு நாளில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். எடை பார்ப்பது, ஜுரம் பார்ப்பது, ஊசிக்கு மருந்து எடுத்து வைப்பது, பழைய ஃபைலைத் தேடி எடுப்பது. பிரஷர் பார்ப்பதற்கு அவள் ஒதுக்கிய நேரம் கால் மணி இருக்கும்.

"பட்டைய சுத்து. பம்ப் அடி. காத்த மெதுவா வுடு. முள்ளு எங்க ஆட ஆரம்பிக்குதோ அது மேல் நம்பர், எங்க ஆட்டம் நிக்குதோ அது கீழ் நம்பர். அவ்ளோதான்."

காதில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் ஒன்றும் மேசை மேல் கிடந்தது. அது டாக்டருடைய சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது வருடம் வரைக்கும் ஒரு தடவைகூட அதை நான் காதில் வைத்ததில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் படித்தவள் இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மார்க்கெட்டில் காய் வாங்கும்போது "சிஸ்டருக்கு நல்ல கத்திரிக்காயா போடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குத் தகுந்த படிப்பு என்னிடம் இல்லை என்பது தெரிந்தேதான் பிடித்திருந்தது.

அளக்காமல் எழுத ஆரம்பித்தது எப்போது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. முதலில் சளி, இருமல் என்று வந்த காலேஜ் பிள்ளைகளுக்கு எழுதினேன். இந்த வயசில் பிரஷர் எங்கே வரப்போகிறது என்று ஒரு நினைப்பு. அப்புறம் போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு. அப்புறம் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும் நாட்களில், முகத்தைப் பார்த்தால் தெம்பாகத் தெரிகிற யாருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் பெஞ்சு நிரம்பிவிடும். ஒருவருக்குப் பட்டை சுற்றி அவிழ்க்கிற நேரத்தில் நான்கு பேர் ஃபைலைக் கேட்டு நிற்பார்கள். 120/80 என்று எழுதினால் டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். சில சமயம் மாற்றிப் போடுவதற்காக 110/70 என்றும் 130/80 என்றும் எழுதினேன். அந்த மாற்றிப் போடுகிற சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது. தெரியாமல் செய்கிறவளுக்கு அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பெண் வந்தது ஒரு திங்கள்கிழமை சாயங்காலம். ஏழு மாதக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. கூட வந்த கணவன் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். வீடும் அங்கேயேதான். அவள் பிறந்த வீடு பிச்சாவரத்துப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம் என்று பின்னால் தெரிந்தது. மறுநாள் காலையில் அவளைப் பிரசவத்துக்காக அம்மா வீட்டில் கொண்டுபோய் விட இருந்தார்கள். போவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா தலவலி சிஸ்டர். நெத்தியப் புடிச்சி அழுத்துது. கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு என்னமோ பறக்குற மாதிரி இருக்குது."

"சரியா தூங்கறதில்லையா?"

"தூங்குறேன் சிஸ்டர்."

"வளைகாப்பு அலைச்சலா இருக்கும்" என்றேன்.

சீட்டில் 'தலைவலி, 2 நாள்' என்று எழுதினேன். கண் முன்னால் பறப்பதைப் பற்றி எழுதவில்லை. அது ஒரு வியாதி மாதிரி எனக்குப் படவில்லை. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தது. அதை மேலே ஏற்றிப் பட்டை சுற்ற வேண்டும், பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். 120/80 என்று ரெஜிஸ்டரிலும் சீட்டிலும் எழுதி, சீட்டைக் கொடுத்தேன். மிஷின் பழுதாகியிருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். மிஷின் நன்றாக இருந்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். நான் கதவருகே அடுத்த ஃபைலோடு நின்றிருந்தேன். "பிரஷர் நார்மல்தான். பயப்படாத. தலவலிக்கு மாத்திர எழுதறேன். அம்மா வீட்ல நல்லா ரெஸ்ட் எடு. வலி நிக்கலன்னா உடனே மாசாமாசம் செக்கப் பண்ற எடத்துல காட்டிடு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். வளையல் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் அம்மா வீட்டில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் போட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிரஷர் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை.

இது எங்களுக்குத் தெரிந்தது பத்து நாள் கழித்து, அவள் கணவன் கிளினிக்குக்கு வந்தபோது. சண்டை போட வரவில்லை. டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருந்தான்.

"நீங்க நார்மல்னுதான மேடம் சொன்னீங்க. ரெண்டு நாளுல எப்டி மேடம் இவ்ளோ ஏறும்? அங்க கேட்டா, முன்னாடியே இருந்துருக்கும்னு சொல்றாங்க. எங்க அம்மா வேற மாதிரி சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீதான அன்னிக்கிப் பாத்த? நல்லாப் பாத்தல்ல?"

"பாத்தேன் மேடம்" என்றேன்.

என் குரல் தடுமாறவே இல்லை. டாக்டர் அவனிடம் திரும்பி, சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஏறுவது உண்டு என்று விளக்கினார். அவர் அதை நம்பித்தான் சொன்னார், என்னை நம்பித்தான் சொன்னார். அவன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் பட்டை சுற்றினேன். சளிக்கு வந்த பையனுக்குக்கூட. "இப்பல்லாம் ஏன் இவ்ளோ லேட் பண்ற?" என்று டாக்டர் இரண்டு மூன்று தடவை கேட்டார். வீட்டில் என் மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். அவள் வகுப்பில் எல்லாரும் அம்மா என்ன வேலை என்று எழுத வேண்டும் என்று வந்து, "நர்ஸ்னு எழுதட்டுமாம்மா?" என்றாள். "எழுதாத" என்று கத்தினேன். பிள்ளை மிரண்டுவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். உதவியாளர்களும் சர்டிஃபிகேட் வைத்திருப்பது நல்லது என்று டாக்டர் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. சனி, ஞாயிறு மட்டும். கடலூரில் காலையில் பஸ் ஏறினால் செம்மங்குப்பம் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போகும். செம்மங்குப்பம் வரும்போது கம்பெனி நாற்றத்துக்கு எல்லாரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் அந்த நிறுத்தம் வரும்போது தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்ப்பேன். யாராவது ஏறுவார்களோ என்று பயம்.

வகுப்பில் எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். என்னை அக்கா என்றார்கள். சொல்லிக் கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர், சில வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். முதல் செய்முறை வகுப்பிலேயே, "ஏற்கெனவே பிரஷர் பாத்த அனுபவம் யாருக்கு இருக்கு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். கூப்பிட்டு, ஒரு பெண்ணுக்குப் பார்த்துக் காட்டச் சொன்னார். பட்டையைச் சுற்றினேன், பம்ப் அடித்தேன், முள்ளைப் பார்த்தேன், நம்பரைச் சொன்னேன்.

அவர் மேசையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு மெதுவாக, "ஸ்டெத் வேணாமாக்கா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எத்தன வருஷமாப் பாக்குறீங்க?" என்று ஒரு பெண் ஆசையாகத்தான் கேட்டாள். "கொஞ்ச நாளாதான்" என்றேன்.

அவர் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். நோயாளி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டை துணிக்கு மேல் இல்லாமல் தோல் மேல் இருக்க வேண்டும். அளக்கும்போது அவர்களும் பேசக்கூடாது, நாமும் பேசக்கூடாது. காற்றை விடும்போது நாடியின் சத்தம் முதலில் எந்த எண்ணில் கேட்கிறதோ அது மேல், சத்தம் மறைகிற எண் கீழ். நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்து முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டொக், டொக் என்று, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல. ஏழு வருடம் இத்தனை பேருடைய கைக்குப் பக்கத்தில் இருந்தும் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

மறுவாரம் அவர் பலகையில் இரண்டு பட்டியல் எழுதினார். ஒன்றில் 120/80, 130/80, 110/70, 120/80, 140/90 என்று இருந்தது. இன்னொன்றில் 126/78, 134/82, 118/74, 142/88 என்று இருந்தது.

"இதுல எது ஒழுங்கா அளந்து எழுதுன ரெஜிஸ்டர்?"

பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் பட்டியலைக் காட்டினார்கள். பார்க்க நீட்டாக இருக்கிறது என்றார்கள்.

"எப்பயாவது ஒண்ணு ரெண்டு சைபர்ல முடியலாம். ஒரு பக்கம் முழுக்க சைபர்லயே முடிஞ்சா, எழுதுனவங்க அளக்கல, இல்லன்னா அளந்ததச் சரியாப் பாக்கல" என்றார்.

என் ரெஜிஸ்டர்தான் பலகையில் இருந்தது. அவருக்கு அது தெரியாது. நான் குனிந்து அந்த இரண்டு பட்டியலையும் நோட்டில் எழுதினேன், எழுதுகிற மாதிரி இருந்தால் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று.

அதற்கடுத்த வகுப்பு, நோயாளி சொல்வதை எப்படிக் குறிப்பது என்பது. அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், நமக்கு முக்கியம் இல்லை என்று தோன்றுவதை விடக்கூடாது, எது முக்கியம் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை என்றார். உதாரணத்துக்கு, கர்ப்பிணி ஒருத்தி தலைவலி என்றால், கண் மங்கல், கண் முன் ஒளி பறப்பது, முகம் கை வீக்கம் இதையெல்லாம் கேட்க வேண்டும். இருந்தால் ஒரு நிமிஷம்கூட வரிசையில் உட்கார வைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மினுக்கு மினுக்குன்னு என்று அவள் சொன்னது அப்படியே கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவள் மறுபடியும் கிளினிக்குக்கு வந்தாள். மாமியார் கூட வந்திருந்தார். பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்க வந்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தாள். கையில் ஒரே ஒரு ரப்பர் வளையல்.

நான் அவளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். காலைக் கீழே வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். பட்டை சுற்றி, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். 138/88.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி இப்டில்லாம் பண்ணலயே சிஸ்டர்?"

நான் பட்டையைச் சுருட்டினேன்.

"அன்னிக்கி இத எனக்குக் கட்டுன ஞாபகமே இல்ல. நானும் ரொம்ப நாளா யோசிச்சிப் பாக்குறேன்."

"ஒனக்கு என்னாதான் ஞாபகம் இருந்துது?" என்றார் மாமியார். என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. இங்க பாத்தப்ப நார்மலு. சீட்டு வூட்ல இருக்குது. அம்மா வூட்டுக்குப் போனா, ரெண்டு நாளும் கருவாட்டுக் கொழம்ப ஊத்தி ஊத்தித் தின்னுருக்கா. உப்பு ஏறாம என்னா பண்ணும்? அவுங்க அம்மாக்காரிக்காவது தெரிய வேணாம்? வயித்துப் புள்ளைய முழுங்கிட்டாளுங்க. அதான் அந்த வூட்டுப் பக்கமே போக்கூடாதுன்னுட்டோம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த இடத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"கட்டுனேம்மா" என்றேன். "கூட்டத்துல ஒனக்கு மறந்திருக்கும்."

அவள் "சரி சிஸ்டர்" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முதல் பொய்யில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றாவது சொல்லலாம். இந்த இரண்டாவது பொய்யில் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும், அவளுடைய சொந்த ஞாபகத்தையே, பிடுங்கிக்கொண்டேன்.

நாலைந்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சொல்லிடாத. கேஸு கீஸுன்னு ஆயிடும். புள்ளைய நெனச்சிப் பாரு" என்றார். அவர் சொன்னதும் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் கிளினிக் மூடும் நேரத்தில் டாக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்கு அளக்கவில்லை, அன்றைக்கு மட்டும் இல்லை, பல நாள் பலருக்கு அளக்கவில்லை. அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"நான் கேட்டேன். பாத்தேன்னு சொன்ன."

"ஆமா மேடம்."

"நானும் அவ கால்ல வீக்கம் இருக்கான்னு தொட்டுப் பாத்திருக்கணும். கேட்டிருக்கணும். உன் சீட்ட நம்பிட்டேன்." பிறகு சொன்னார்: "அளந்திருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன். கொழந்த பொழச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். அந்த வாய்ப்ப நாம குடுக்கல."

நாம என்றுதான் சொன்னார். அது என் பாரத்தைக் குறைக்கச் சொன்னது இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கருவாட்டு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு வேளைக் குழம்பால் இது வராது, அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை என்றார். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் நீ எதுவும் பேசாதே என்றார்.

நான் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பும்போது செம்மங்குப்பத்தில் இறங்கிவிட்டேன். விலாசம் அவள் ஃபைலில் இருந்தது. நோயாளியின் விவரத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது என்று அதே வகுப்பில்தான் படித்திருந்தேன். அதையும் மீறித்தான் போனேன்.

வீட்டு வாசலில் மாமியார் மல்லியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவன் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வாங்க சிஸ்டர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். மாமியார் மருமகளிடம் டீ போடச் சொன்னார். உட்கார்ந்து டீ வந்தபின் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

"டீ வேணாம். ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்" என்றேன். "அன்னிக்கி நான் பிரஷர் பாக்கல. பாக்காமயே எழுதிட்டேன். அது கிளினிக்குக்கு வந்தப்பயே ஏறித்தான் இருந்துருக்கும். தலவலியும் கண்ணுல பறந்ததும் அதனாலதான். கருவாட்டால இல்லன்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. அவுங்க அம்மா வூட்டு மேலயும் தப்பு இல்ல. இது என்னாலதான்."

அடுப்படி வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் பால் பாத்திரம். என்னிடம் பேசவில்லை. மாமியாரைப் பார்த்து, "கட்டலன்னு நான் சொன்னேன்ல" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "எத்தன தடவ சொன்னேன்." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. கணவன் உள்ளே ஓடினான்.

மாமியார் மல்லிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நீயும் புள்ள பெத்தவதான?" என்றார்.

"ஆமாம்மா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டினால் ஏதோ கொஞ்சம் தீரும் என்று உள்ளூர எதிர்பார்த்தும் போயிருந்தேன். அதைக்கூட அவர் கொடுக்கவில்லை. கணவன் வெளியே வந்தான்.

"எழுதிக் குடுப்பியா?"

'சிஸ்டர்' போய்விட்டது, 'நீங்க' என்பதும் போய்விட்டது.

"குடுக்கறேன்."

"நாளைக்கி வரேன். இப்ப கெளம்பு."

மறுநாள் வந்தான். டாக்டர் அவனோடு வெகுநேரம் கதவைச் சாத்திப் பேசினார். தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அவன் போலீசுக்கும் போகவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு காகிதம். சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றான்.

தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது, அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று படித்திருந்தேன். ரெஜிஸ்டரில் அந்தத் திங்கள்கிழமைப் பக்கத்தை எடுத்தேன். 120/80 மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பக்கத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் கீழே போட்டார். அதை நகல் எடுத்து, கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் தனியாக எழுதிய கடிதத்தோடு அவன் வாங்கிப் போனான்.

அந்த மாதத்தோடு என்னை நிற்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "பயிற்சிய மட்டும் நிறுத்தாத" என்றார். நியாயம்தான். மார்க்கெட்டில் விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னார். நான் அந்த மார்க்கெட்டுக்குப் போவதையே விட்டேன்.

பரீட்சைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, சிதம்பரம் பஸ்ஸில் செம்மங்குப்பத்தில் அவள் ஏறினாள். கையில் ஒரு பெரிய பை. மாமியார் கீழே நின்று, "போயி சேந்ததும் போன் பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வீட்டுக்குத்தான் போகிறாள் என்று புரிந்தது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரமும் நின்றே வந்தாள். நான் எழுந்து பின்னால் போயிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாளோ என்று சிதம்பரத்தில் இறங்கின பிறகுதான் எனக்குத் தோன்றியது.

பரீட்சையில் தேறினேன். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. ரத்தம் எடுப்பதற்கு முன் பெயரைக் கேட்பேன், வயசைக் கேட்பேன், சீட்டில் சரிபார்ப்பேன், குழாயில் அவர்கள் கண் முன்னாலேயே லேபிள் ஒட்டுவேன். மெதுவாகச் செய்கிறவள் என்று எனக்கு அங்கே பெயர்.

போன வருடம் அதே பயிற்சி மையத்தில் புதிய பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். பிரஷர் வகுப்பில், அளக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் திங்கள்கிழமையைச் சொன்னேன். வளையல், தலைவலி, 120/80, வலிப்பு, குழந்தை, கருவாட்டுக் குழம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால், "ஒரு கிளினிக்ல ஒரு பொண்ணு வேல பாத்துது" என்றுதான் ஆரம்பித்தேன். நான் என்று சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்துதான் போயிருந்தேன். அத்தனை முகங்கள் என்னைப் பார்த்தபோது வாய் அப்படித் திரும்பிவிட்டது.

பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்னால் இருந்த ஒருத்தி கேட்டாள், "அந்தப் பொண்ணு இன்னும் இந்த வேலையிலதான் இருக்குதா மேடம்?"

"இல்ல" என்றேன். பிறகு ஒருத்தியை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, பட்டையை எடுத்தேன்.